சரிசெய்யாமல் விட்ட விமானம்

என் மேசை இழுப்பறையில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு டேப் துண்டு இருக்கிறது. மின்கம்பிகளுக்குச் சுற்றும் சாதாரண இன்சுலேஷன் டேப். ஒரு முனை கத்தரியால் வெட்டப்பட்டது, மறுமுனை பல்லால் கடித்து இழுக்கப்பட்டது. நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய வட்டம் மட்டும் பளபளப்பு போய்ச் சுருங்கியிருக்கிறது. அதன் பின்னால் ஒரு விளக்கு மாதக்கணக்கில் அணையாமல் எரிந்ததன் அடையாளம் அது. டேப்பை ஒட்டியவர் என் அக்காவின் கணவர். உரித்தவரும் அவர்தான்.

மாமா கீழ்பென்னாத்தூர் சாலையில் இருந்த ஓர் அரிசி ஆலையில் பாய்லர் ஆபரேட்டர். நெல்லை அவிப்பதற்கான நீராவி அந்தப் பாய்லரிலிருந்துதான் வரும். உமியைக் கொட்டி எரிப்பார்கள். இருபது வருடங்களுக்கும் மேலாக அவர் அதன் முன்னால் நின்றவர். காலை ஷிப்டு முடிந்து இரண்டு மணிக்கு வேங்கிக்கால் வீட்டுக்கு வருவார், குளிப்பார், சாப்பிடுவார், மூன்று மணிக்கு அரிசி டின்கள் அடுக்கிய சின்ன அறைக்குள் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விமானம் ஓட்டுவார். அவர் ஒருமுறைகூட உண்மையான விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் சென்னையிலிருந்து பெங்களூருக்கு எந்த உயரத்தில் போக வேண்டும், எங்கே இறங்கத் தொடங்க வேண்டும் என்று பேருந்து நடத்துனர் நிறுத்தங்களைச் சொல்வதுபோலச் சொல்வார். உடல் முழுக்க உமிச் சாம்பலின் வாசனை இருக்கும் மனிதர், அந்த அறையில் மட்டும் துவைத்த வெள்ளைச் சட்டை போட்டு உட்காருவார்.

விமானம் ஓட்டும் அந்தச் சிமுலேட்டர் மென்பொருளோடு ஏராளமான விமானங்கள் சேர்ந்தே வரும். அவற்றுக்குத் தனி விலை இல்லை. மாமா அது போதாதென்று, இரண்டு புரொப்பெல்லர் வைத்த ஒரே ஒரு விமானத்தைத் தனியாக விலை கொடுத்து வாங்கினார். அதன் விலைக்கு ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் வந்திருக்கும். அதே மாதம் அக்காவின் பழைய ஃப்ரிட்ஜ் நின்றுபோனதால் இந்தக் கணக்கு வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. "ஃப்ரிட்ஜ் வாங்கினா ஐஸாவது கெடைக்கும். இதுல ஒரு ஸ்க்ரூவாச்சும் கைக்கு வருதா?" என்று அக்கா என் முன்னால்தான் கேட்டாள். தப்பு செய்தால் என்ன தப்பு என்று இந்த விமானம் சொல்லிவிடும் என்றார் மாமா. "நான் சொல்றதவிட ஜாஸ்தியா சொல்லுதா?" என்றாள் அக்கா. மாமா சிரித்தார். ஃப்ரிட்ஜ் அடுத்த மாதம் வந்தது.

நான் செய்தித்தாள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அதன் ஞாயிறு இணைப்புக்கு அவ்வப்போது எழுதிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரில் பறக்கும் விமானத்துக்கு இவ்வளவு விலை கொடுப்பது தகுமா என்று அரைப் பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். மூன்று மதியங்கள் நோட்டுப் புத்தகத்தோடு மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் இலவச விமானத்தைக் காட்டினார். ஒரே பொத்தான், இரண்டு இன்ஜினும் ஓடத் தொடங்கின. முன்னால் இருந்த சுவிட்சுகளில் பாதி வெறும் படம், அழுத்தினால் அசையவில்லை. அடுத்து விலைக்கு வாங்கியது. பேட்டரி, எரிபொருள் பம்ப், ஸ்டார்ட்டர் என்று வரிசையாகப் போக வேண்டும். வெப்பம் ஏறும் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. அவசரப்பட்டால் இன்ஜின் உள்ளே கருகும். கருகியது நாளைக்கும் கருகியபடியே இருக்கும். எங்கள் ஊரின் மேல் பறந்து காட்டினார். மலை சரியான வடிவத்தில் இருந்தது. கோபுரங்கள் இல்லை, அவை இருக்க வேண்டிய இடத்தில் மேலிருந்து எடுத்த புகைப்படம் தரையில் தட்டையாக ஒட்டிக் கிடந்தது. "ஓட்டுறவங்களுக்கு மல தெரிஞ்சா போதும், மோதாம இருக்கணும் இல்ல" என்றார்.

பிறகு ஒரு சோதனை செய்தார். இலவச விமானத்தின் ஒரு இன்ஜினுக்கு ஆயில் முழுவதையும் வடித்துவிட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தேன். நாற்பது நிமிடம் ஒன்றும் ஆகாமல் பறந்தது. விலை விமானத்தில் அதையே செய்தார். நான்காவது நிமிடத்தில் முள் சரிந்தது, சிவப்பு விளக்கு எரிந்தது, ஆறாவது நிமிடத்தில் இடப்பக்கப் புரொப்பெல்லர் நின்றது. "அது எல்லாத்தையும் மறந்துடும் மச்சான். இது மறக்காது. நான் காசு குடுத்தது அதுக்குத்தான்" என்றார். இந்த வரியை என் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே கொட்டை எழுத்தில் போட்டார்கள்.

ஆனால் நான் குறித்துக்கொண்ட இன்னொன்று கட்டுரையில் வரவில்லை. அந்த விமானத்தில், சக்கரங்களை இறக்காமல் இன்ஜின் வேகத்தைக் குறைத்தால் ஒரு ஹாரன் அடிக்கும். விமான நிலையம் வெகு தூரத்தில் இருக்கும்போதும், வெறுமனே உயரம் குறைப்பதற்காக வேகத்தைக் குறைத்தாலும் அடிக்கும். மாமா கையில் பிடித்திருந்த கட்டுப்பாட்டுக் கோலில் அதை நிறுத்த ஒரு பொத்தான் இருந்தது. ஹாரன் முதல் சத்தத்தை முடிப்பதற்குள் அவர் கட்டைவிரல் அதை அழுத்திவிடும். முகம் திரும்பாது, பேச்சு நிற்காது. ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டேன். "இது எப்பவும் கத்தும் மச்சான். உங்க அக்கா மாதிரி." சமையலறையிலிருந்து "கேக்குது" என்று குரல் வந்தது.

கட்டுரைக்கு ஒரு படம் வேண்டும் என்பதற்காக ஆலைக்குப் போனேன். பாய்லர் முன்னால் மாமாவை நிறுத்திப் படம் எடுத்தபோது சுவரில் இருந்த பெட்டியில் ஒரு மணி அடித்தது. அவர் கேமராவைப் பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டிக் கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்தினார். மணி நின்றது. அதே விரல், அதே வேகம். பொத்தானுக்கு மேலே ஒரு விளக்கின் மீது கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. பாய்லரில் தண்ணீர் குறைந்தால் அடிக்கும் மணி அது என்றும், தண்ணீர் மட்டத்தை உணரும் மிதவை இருக்கும் சின்ன அறையில் சேறு அடைத்துக்கொள்வதால் தண்ணீர் இருக்கும்போதே அடிக்கிறது என்றும் சொன்னார். மணியை நிறுத்தலாம், விளக்கை நிறுத்த முடியாது, கண் கூசுகிறது, அதனால் டேப். ஒவ்வொரு ஷிப்டிலும் அந்த அறையைத் திறந்து சேற்றை வெளியேற்ற வேண்டும். அதில் நீராவி கொஞ்சம் வீணாகும், வேலை கொஞ்சம் நிற்கும். சீசனில் முதலாளி வேண்டாம் என்பார். தண்ணீர் மட்டத்தைக் கண்ணாடிக் குழாயில் பார்த்துக்கொள்கிறேன் என்றார் மாமா. அந்தக் கண்ணாடிக் குழாய் டீக்கறை படிந்த தம்ளர் மாதிரி பழுப்பேறி இருந்தது. குழாயின் அடியில் அடைத்துக்கொண்டால், பாய்லரில் தண்ணீர் போன பிறகும் கண்ணாடிக்குள் தண்ணீர் நிற்கும் அல்லவா என்று கேட்டேன். நிற்கும் என்றார். சிவக்கக் காய்ந்த பாய்லருக்குள் அப்போது தண்ணீர் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் இரண்டு கைகளையும் சேர்த்து வைத்து மேல் நோக்கி மெதுவாக விரித்துக் காட்டினார். படத்தை வெட்டிச் சீர்செய்தபோது டேப் இருந்த ஓரத்தை நான் வெட்டிவிட்டேன். கட்டுரை விமானத்தைப் பற்றியது, பாய்லரைப் பற்றியதல்ல என்று அப்போது எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன்.

கட்டுரை வந்து சில வாரங்கள் கழித்து ஒரு மதியம் அக்கா போன் செய்தாள். மாமா சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாள். போய்ப் பார்த்தேன். திரையில் விமானம் ஓடுபாதையின் நடுவில் வயிற்றின் மேல் கிடந்தது. புரொப்பெல்லரின் இதழ்கள் வாடிய வாழைப்பூ மடல்போலப் பின்னால் வளைந்திருந்தன. நல்ல வெயில், காற்று இல்லை, இன்ஜின் கோளாறு இல்லை. சக்கரத்தை இறக்க மறந்து தரையிறக்கியிருக்கிறார். ஹாரன் அடிக்கவில்லையா என்று கேட்டேன். "அடிச்சிருக்கும். நான் நிறுத்தியிருப்பேன். எனக்கு ஞாபகம் இல்ல மச்சான்" என்றார். அவரைப் பயமுறுத்தியது விபத்து இல்லை என்று எனக்குப் புரிந்தது. சத்தத்தைக் கேட்டதும் நினைவில்லை, நிறுத்தியதும் நினைவில்லை.

அந்த விமானத்துக்கு ஒரு பழுதுபார்க்கும் பக்கம் உண்டு. உடைந்தவை எல்லாம் பட்டியலாக வரும், கீழே எல்லாவற்றையும் ஒரே நொடியில் புதிதாக்கிவிடும் ஒரு பொத்தான் இருக்கும். மாமா அந்தப் பக்கத்தைத் திறந்தார், படித்தார், மூடினார். மறுநாளும் அதையே செய்தார். நான்காம் நாள், அழுத்திவிட்டுப் பறக்க வேண்டியதுதானே என்றேன். "அமுக்கிட்டா நான் பண்ணது இல்லன்னு ஆயிடும்" என்றார். அதற்கடுத்த நாள் காலை ஷிப்டுக்குப் போனவர் பாய்லரைப் பற்றவைக்கவில்லை. விளக்கின் மேல் இருந்த டேப்பை உரித்தார். மிதவை அறையைக் கழற்றிச் சுத்தம் செய்து, கண்ணாடிக் குழாயை மாற்றும்வரை நெருப்பு வைக்க மாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார்.

நடந்த பேச்சை மாமா என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். முதலாளி இளைஞர், மாமாவை எப்போதும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார். கார்த்திகை தீபத்துக்கு வருகிற கூட்டத்துக்கு அன்னதானம் போடுகிறவர்கள் கேட்ட அரிசி பாக்கி நிற்கிறது, இப்போது இரண்டு நாள் நிறுத்தினால் ஆர்டர் வேறு ஆலைக்குப் போய்விடும் என்றிருக்கிறார். மாமா நகரவில்லை.

"அண்ணே, அந்த டேப்ப ஒட்டினது யாரு? நீங்கதானே?"

"நான்தான். அதான் நானே உரிச்சேன்."

"கம்ப்யூட்டர்ல பிளேன் வுட்டு பிளேன் வுட்டு உங்களுக்கு என்னாமோ ஆயிடுச்சு. போய் ரெஸ்ட் எடுங்க."

ரெஸ்ட் என்றால் வேலை போய்விட்டது என்று அர்த்தம். அன்று மதியமே வேறோர் ஆளை வைத்துப் பாய்லர் பற்றவைக்கப்பட்டது. மாமா வீட்டு மொட்டை மாடியிலிருந்து புகை தெரிந்தது.

அந்த வாரம், ஆலைப் பாய்லரைச் சோதிக்கச் சொல்லி மாமாவின் சார்பில் அதிகாரிகளுக்கு ஒரு மனு எழுதினேன். இத்தனை வருடம் அடுத்தவர்களின் மனுக்களைச் செய்தியாக்கியவன், இதைக் கச்சிதமாகவே எழுதினேன். ஒரு வரியில்தான் சிக்கல். டேப்பை ஒட்டியது யார் என்று எழுத வேண்டும். எழுதினால் மாமாவின் ஆபரேட்டர் சான்றிதழ் போகும், வேறெங்கும் வேலை கிடைக்காது. எழுதாவிட்டால் மனு பொய். எழுது என்றார் மாமா. பெயரோடு எழுதினேன், அவர் கையெழுத்துப் போட்டார். அக்கா நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "அத அனுப்பாதடா" என்று மட்டும் சொன்னாள். நான் அனுப்பவில்லை. அனுப்பிவிட்டாயா என்று மாமா கேட்டபோது பதில் வரத் தாமதமாகும் என்றேன். நான் சொன்னது முழுப் பொய் இல்லை. செய்தித்தாளில் நாங்கள் எழுதிப் பழகிய வாக்கியங்களில் பல அப்படிப்பட்டவை.

தீபம் முடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த அறுவடையிலும் ஒன்றும் நடக்கவில்லை. மாமா தினமும் ஷிப்டு மாறும் நேரத்தில் மாடிக்குப் போய் நின்று ஆலைச் சங்கு ஊதுகிறதா என்று கேட்டுவிட்டு இறங்குவார். ஓசூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு அவர்கள் குடிபோனபோது, அங்கே இடம் இல்லையென்று கம்ப்யூட்டரை என்னிடம் விட்டுச் சென்றார். அதோடு டேப் துண்டையும் கொடுத்தார். அவர் அங்கே ஒரு சாயப் பட்டறையின் பாய்லரில் வேலை பார்க்கிறார். சான்றிதழ் பத்திரமாக இருக்கிறது.

போன வாரம் அந்தக் கம்ப்யூட்டரை விற்றுவிடலாமா என்று அக்கா கேட்டாள். விமானத்தை மட்டும் தனியாக விற்க முடியாது, அது வாங்கியவர் பெயரிலேயே இருக்கும். ஒருமுறை பார்ப்போம் என்று திறந்தேன். திரை வெளிச்சமானதும் அதே ஓடுபாதை, அதே இடம். விமானம் வயிற்றின் மேல் கிடந்தது, இதழ்கள் வளைந்திருந்தன. அந்த விலை தகுமா என்ற கேள்விக்கு, தினம் ஒரு மணி நேரம் பறப்பவருக்குத் தகும், மற்றவர்களுக்குத் தேவையில்லை என்று என் கட்டுரையை முடித்திருந்தேன். இப்போது எழுதினால் வேறுமாதிரி எழுதுவேன். மாமா அந்த விலைக்கு வாங்கியது, தான் செய்த தவறு மறுநாளும் அதே இடத்தில் கிடப்பதைப் பார்க்கும் வசதி. இலவச விமானம் அவரை மறுநாள் காலை எதுவும் நடக்காததுபோல ஆலைக்கு அனுப்பியிருக்கும். பழுதுபார்க்கும் பக்கத்தை நானும் திறந்தேன். படித்துவிட்டு மூடினேன்.

மறுநாள் காலை ஆலைக்குப் போனேன். முதலாளி இல்லை. புது ஆபரேட்டர் முப்பது வயதுக்காரர், மரியாதையாகப் பேசினார், டீ வரவழைத்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. அவர் திரும்பாமல் கையை நீட்டி நிறுத்தினார். விளக்கின் மேல் புது டேப் ஒட்டியிருந்தது, இந்த முறை சிவப்பு. கண்ணாடிக் குழாய் அதே பழுப்பில் இருந்தது, அதற்குள் தண்ணீர் அசையாமல் நின்றது. மணியைப் பற்றிக் கேட்டேன்.

"அது எப்பவும் கத்துங்க சார்" என்றார்.

வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன். மாமா கையெழுத்திட்ட மனு அடியில் இருந்தது, அதன் மேல் டேப் துண்டு. எப்போதோ அப்படியே போட்டிருக்கிறேன். எடுக்கப் பார்த்தேன். தாளும் சேர்ந்து வந்தது. ஒட்டியவர் யார் என்று நான் எழுதிய வரியின் மேல் அது படிந்து கிடந்தது. பசை இன்னும் காயவில்லை.