பலாப்பழமும் அரைவேக்காட்டுக் கஞ்சியும்

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில் புதூர்நாடு பக்கம். பலாப்பழக் காலத்தில் என் வாய்க்கு ஓய்வே கிடையாது. வயிறு கெட்டால் சாமையைக் குழைய வேகவைத்து, உப்புப் போட்டு, நீர்க்கக் கஞ்சி தருவாள் என் மனைவி. போன மாசியில் அவள் இறந்துவிட்டாள்.

இந்த வருடம் வெறும் வயிற்றில் பாதிப் பழத்தைத் தின்று தீர்த்தேன். வாந்தி, பேதி. கஞ்சிதானே, நமக்கு வராதா என்று சாமையைக் கொதிநீரில் போட்டு, பொங்கியதுமே இறக்கிக் குடித்தேன். அரைவேக்காடு. வயிறு இன்னும் முறுக்கியது. கதை முடிந்தது என்று தீர்மானித்தேன். பார்க்க வருகிறவர்கள் முகம் சுளிக்கக் கூடாதே என்று நல்ல வேட்டியாகக் கட்டிப் படுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டிலிருக்கும் தங்கையைக் கூப்பிட்டேன்.

"ஆஸ்பத்திரி போவ ஜீப்புக்குச் சொல்லும்மா. மாட்ட நீயே வெச்சிக்கோ."

"இன்னாண்ணா, பலாப்பழத்துக்கு உயில் எழுதுற?"

உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்கவைத்தாள். வாந்தி நின்றதும் சாமைக் கஞ்சி காய்ச்சித் தந்தாள். ஒரு வாய் குடித்தேன். அதே ருசி.

"அண்ணிதான் சொல்லிக் குடுத்துச்சி" என்றாள்.

காரியத்தன்றுகூட அழாதவன் அப்போது அழுதேன்.

"ரொம்ப வலிக்குதாண்ணா?"

"ஆமாம்மா, வயிறு" என்றேன்.

இப்போதெல்லாம் சாப்பிட்ட பிறகு நாலு சுளையோடு நிறுத்திக்கொள்கிறேன். கஞ்சியும் பொறுமையாகக் காய்ச்சுகிறேன், நன்றாகவே வருகிறது. "இன்னும் ரெண்டு வாய் குடிங்க" என்று சொல்லத்தான் வீட்டில் ஆளில்லை.