வடக்குச் சுவர்

லவோன் ஓல்ஸ்டாட்டுக்கு, வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸ் வேலை புகுந்த வீட்டில் வந்து ஒட்டிக்கொண்டது. மாமனாரின் கடையில் போன் எடுக்கத்தான் முதலில் உட்கார்ந்தாள். வீடு சில்லிட்டுப் போச்சு என்று ஜனவரியில் புலம்புகிறவர்களுக்கு ஆறுதல் சொல்லிச் சலித்துப்போய், ஒருநாள் தானே கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். மின்னசோட்டாவின் அந்த வட மூலையில் ஃபர்னஸைக் கழற்றி மாட்டுகிற பெண் அப்போது வேறு யாரும் கிடையாது. கிழவர்கள் அடித்தள அறைப் படிக்கட்டில் உட்கார்ந்து, ஏதோ வித்தை பார்ப்பதுபோல அவளைப் பார்ப்பார்கள். ஃபர்னஸ் எரிந்ததும் எழுந்து போய்விடுவார்கள்.

மாமனார் போன பிறகு கடை மூத்த மகன் க்ளென் கைக்கு வந்தது. லவோனின் கணவன் டேரில் இளையவன். அண்ணன் சொன்னதைச் செய்து பழகியவன். அதில் அவனுக்குக் குறையும் இல்லை.

நாற்பத்தொன்பது வயதில் லவோன் டுலூத்துக்குப் போய் நான்கு நாள் ஹீட் பம்ப் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். திரும்பிய அன்றே காபி மேசையில் பேச்செடுத்தாள்.

"வெளிக் காத்துலேர்ந்து சூடு எடுக்கப் போறியா?" க்ளென் சிரித்தான். "பூஜ்யத்துக்குக் கீழ முப்பது போற ஊர்ல? அப்படியே கல்லுலேர்ந்து காபியும் இறக்கிக் குடு."

"கீழ முப்பது வருஷத்துல எத்தனை நாள் போகுது, எண்ணிச் சொல்லுங்க. ஃபர்னஸைத் தூக்கிப் போடச் சொல்லல. அது பாட்டுக்கு அங்கயே இருக்கட்டும். அக்டோபர்லயும் ஏப்ரல்லயும் இது ஓடட்டும். நெஜக் குளிர் வந்தா இது ஒதுங்கிக்கும், அது எரியும்."

"ஒரு வீட்டுக்கு ரெண்டு அடுப்பா? ரெண்டு பொண்டாட்டி கட்டினவன் பாடாயிடும்மா."

டேரிலும் சிரித்தான். லவோன் அவனைப் பார்த்தாள். அவன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டான்.

கடைசியில் அவளை நம்பியது ஆர்டிஸ் பெக்லண்ட்தான். பள்ளிச் சமையலறையில் முப்பது வருடம் வெந்தவள். லவோனுக்குத் தேவாலயத்தில் கிடைத்த தோழி. அவள் கணவன் மைலோ மர லாரி ஓட்டியவன், நுரையீரல் போய் வீட்டோடு கிடந்தான். ஃபர்னஸ் அனலை அள்ளி வீசிவிட்டு அணைந்துபோவதும், மறுபடி வீசுவதும் அவனுக்கு ஆகவில்லை.

"சீரா, மெதுவா சூடு வரும்னு சொல்றியே, அதைப் போடுடி," என்றாள் ஆர்டிஸ். "இந்த மனுஷன் ராவெல்லாம் இருமுறது எனக்குத் தாங்கல."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்," என்றான் மைலோ. "இந்த ஜன்னலண்ட உக்காந்து ஏரியைப் பாத்துக்கிட்டே போய்ச் சேந்தா போதும்."

ஆகஸ்ட் மாதத்தில் லவோன் அதைப் பொருத்தினாள். வெளியே ஹீட் பம்ப் பெட்டியைப் பனிக்கு மேலே நிற்கும்படி உயரமான காலில் நிறுத்தினாள். அடித்தளத்தில் பழைய புரொப்பேன் கேஸ் ஃபர்னஸோடு அதைச் சேர்த்துக் கட்டினாள். எல்லாவற்றையும்விட நேரம் எடுத்துக்கொண்டது கட்டை விரல் அளவு சென்சார் ஒன்றுதான். வெளியே எவ்வளவு குளிர் என்பதை அதுதான் சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட்டுக்குச் சொல்ல வேண்டும். அது சொன்னால்தான் பெட்டி நின்று ஃபர்னஸ் எரியும். வெயில் படாத, புகைப்போக்கி எதுவும் பக்கத்தில் இல்லாத வடக்குச் சுவரில் அதை வைத்தாள். அதற்காக அரை நாள் துளை போட்டு, கம்பியைச் சுற்றுவழியாக இழுத்தாள்.

இரண்டு குளிர்காலம் ஒரு குறையும் இல்லை. மைலோ இரவில் தூங்கினான். ஆர்டிஸ் ஊரெல்லாம் சொன்னாள். கேட்டு வந்தவர்களைப் பார்த்த க்ளென், வண்டிப் பக்கவாட்டில் ஹீட் பம்ப் படத்தைப் பெரிதாக ஒட்டிக்கொண்டான். "அஞ்சு வருஷமா நான் கத்திக்கிட்டு இருக்கேன், இப்பத்தான் ஜனங்களுக்குப் புரியுது," என்று கடைக்கு வந்தவர்களிடம் அவன் சொல்வதை, லவோன் உள்ளறையில் குழாய் வெட்டிக்கொண்டே கேட்டாள்.

மூன்றாம் வருட இலையுதிர் காலத்தில் அவளுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு வாரம் வீட்டை விட்டு நகரவில்லை. அந்த ஜனவரியில் மைலோவை ராச்செஸ்டர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். ஆர்டிஸும் அவனோடு இருந்தாள். அந்தப் பருவத்தின் முதல் கடுங்குளிர் அப்போதுதான் வந்தது, ஊரில் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தி நாலு அடித்தது. அவர்கள் திரும்பி வந்த அன்று மத்தியானம் போன் வந்தது.

"லவோன், வா." அவ்வளவுதான் ஆர்டிஸ் சொன்னாள். பிறகு, "வந்து பாருடி."

சமையலறைக் கூரையிலிருந்து பனிக்கட்டி திரைபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. குழாய் வெடித்து ஓடிய தண்ணீர் கூடம் முழுக்க உறைந்து, தரைப் பலகைகளைத் தூக்கி நிறுத்தியிருந்தது. மைலோ ஆக்ஸிஜன் குழாயோடு காரிலேயே உட்கார்ந்திருந்தான். கதவைத் திறக்க ஆர்டிஸ் அவனை விடவில்லை.

லவோன் அடித்தளத்துக்கு இறங்கினாள். ஃபர்னஸ் கல்லாய்க் குளிர்ந்து கிடந்தது. வெளித் தொட்டியில் கேஸ் நிறைய இருந்தது. மேலே வந்து தெர்மோஸ்டாட்டைப் பார்த்தாள். வெளியே முப்பத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட் என்று காட்டியது, பூஜ்யத்துக்கு மேலே.

சென்சாருக்குப் போகிற கம்பியைப் பிடித்துக்கொண்டே போனாள். அது வடக்குச் சுவருக்குப் போகவில்லை. பாதியில் வெட்டப்பட்டு, கராஜுக்குள் நுழைந்து, காருக்காக எப்போதும் எரிகிற சின்ன மின் ஹீட்டருக்கு மேலே முடிந்தது. அந்தக் கதகதப்பில் உட்கார்ந்துகொண்டு சென்சார் ஒன்பது நாளும் வெளியே குளிரே இல்லை என்று சொல்லியிருக்கிறது. அவ்வளவு குளிரில் ஓட முடியாமல் பெட்டி தானே நின்றிருக்கிறது. ஃபர்னஸை எரி என்று சொல்ல யாரும் இல்லை.

கம்பி ஒட்டில் மஞ்சள் டேப் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. பின்னால் பிரிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று நுனியை மடித்து விட்டிருந்தது. அப்படி மடிக்கிறவன் ஒருவனைத்தான் அவளுக்குத் தெரியும்.

ஆர்டிஸ் பின்னால் வந்து நின்றாள். "என்னடி ஆச்சு?"

"பாத்துச் சொல்றேன்," என்றாள் லவோன்.

அன்று சாயங்காலம் டேரில் கை கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டாள். "ஆர்டிஸ் வீட்டு சென்சாரை யார் எடுத்தது?"

அவன் குழாயை மூடவில்லை. "சுவர்ப் பலகை மாத்த வந்தவங்க கம்பியை அத்துட்டாங்க. உனக்கு அப்ப கால். அண்ணன் கூப்பிட்டான், போனேன்."

"கராஜுல வைக்கலாமா அதை?"

"திரும்பத் துளை போடணும்னா நாள் பூரா ஆகும்னான். அன்னிக்கு இன்னும் நாலு வீடு இருந்துச்சு. அப்புறம் வந்து மாத்திக்கலாம்னான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"மறந்துட்டேன், லவோன்."

"நாளைக்கு வந்து சொல்லு. ஆர்டிஸ்கிட்ட."

அவன் துண்டில் விரல் விரலாகத் துடைத்தான். "வண்டி மேல இருக்கறது அண்ணன் பேரு மட்டும் இல்ல. நம்ம பேருந்தான். கடை போனா நாம எங்க போறது? இன்சூரன்ஸ் ஆள் வரட்டும், அவங்க பாத்துப்பாங்க."

அவள் ஒரு வாரம் பொறுத்தாள். அவனே போவான் என்று நினைத்தாள். அந்த ஒரு வாரத்தைத்தான் பிறகு அவளால் மன்னிக்க முடியவில்லை. இன்சூரன்ஸ் ஆள் வந்தபோது க்ளென் முந்திக்கொண்டு போய் நின்றான். ஃபர்னஸ் மேல் தொங்கிய வேலைக் குறிப்பு அட்டையில் லவோனின் கையெழுத்து மட்டுமே இருந்தது. "இந்த வீடு முழுக்க அவ போட்டதுங்க," என்று அவன் வருத்தத்தோடு சொன்னானாம். "நல்ல வேலைக்காரிதான். வயசாகுது பாருங்க."

அதற்குப் பிறகுதான் அவள் ஆர்டிஸிடம் போனாள். ஆர்டிஸ் தேவாலய ஹாலில், வீட்டிலிருந்து மீட்டு வைத்திருந்த துணிமணிகளைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள். லவோன் எல்லாவற்றையும் சொன்னாள். டேரிலின் பெயரையும் விடவில்லை.

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"என் கராஜுல நின்னுக்கிட்டு, பாத்துச் சொல்றேன்னியே."

"ஆர்டிஸ்…"

"யார் வச்சா எனக்கென்னடி? நான் ஓல்ஸ்டாட் கடையையா நம்பினேன்? உன்னையில்ல நம்பினேன்!" ஒரு கம்பளிச் சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "போ. எனக்கு வேலை இருக்கு."

பெக்லண்டுகள் ஃபார்கோவில் மகள் வீட்டுக்குப் போனார்கள். மைலோ ஏப்ரலில் அங்கே இறந்தான். அவன் படுத்திருந்த அறை ஜன்னலில் ஒரு டயர் கடையின் பின்பக்கம்தான் தெரிந்தது என்று யாரோ சொன்னார்கள். அடக்கத்துக்கு ஊருக்குக் கொண்டு வந்தார்கள். லவோன் ஹாலில் காபி ஊற்றினாள். ஆர்டிஸ் வேறு வரிசையில் நின்று வாங்கிக்கொண்டாள்.

அந்தக் கோடையில் லவோன் கடையை விட்டாள். கிராமத்து மின்சாரக் கூட்டுறவில் வேலை கிடைத்தது. ஹீட் பம்ப்புக்குச் சலுகை விலையில் மின்சாரம் வாங்குகிற வீடுகளுக்குப் போய், எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். க்ளென் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. டேரில் இன்னும் அங்கேதான் இருக்கிறான். ஒரே வீட்டில், ஒரே மேசையில், உப்பை இப்படிக் கொடு என்கிற அளவுக்கு அவர்கள் பேசிக்கொண்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து அவளுடைய பட்டியலில் பெக்லண்ட் வீடு வந்தது. பூட்டிக் கிடந்த அதை யாரோ இளம் தம்பதி அந்த வருடக் கோடையில்தான் வாங்கித் தரையெல்லாம் புதிதாகப் போட்டிருந்தார்கள். அந்தப் பெண் கைக்குழந்தையோடு கதவைத் திறந்தாள். லவோன் நேரே கராஜுக்குப் போனாள். சென்சார் அங்கேயேதான் இருந்தது, யாரும் தொடவில்லை. அதை எடுத்து மாட்டுவது அவள் வேலை அல்ல. இருந்தாலும் வண்டியிலிருந்து துளைக் கருவியைக் கொண்டு வந்தாள். மாலை நாலு மணிவரை ஆனது. வடக்குச் சுவரில் தன் பழைய துளைக்கு மேலே அடித்திருந்த பலகையில் புதிதாகத் துளைத்து, கம்பியை இழுத்துப் பொருத்திப் பூசினாள்.

"ரொம்ப நன்றிங்க," என்றாள் அந்தப் பெண். "வீடு விக்கறப்ப அந்த அம்மா சொன்னாங்க. முதல்ல ஒரு பொம்பள வந்து போட்டாளாம், அவளாலதான் இவ்வளவு சேதமாம். விவரம் தெரிஞ்சவங்க நீங்க வந்தீங்களே, நல்லதாப் போச்சு."

லவோன் அட்டையில் தேதி எழுதினாள். "குளிர்ல ஒருதடவை நீங்களே பாத்துக்குங்க," என்றாள். "இதுல காட்டற எண்ணும் வெளிய இருக்கற குளிரும் ஒண்ணா இருக்கணும்."

வீட்டுக்கு வந்தபோது டேரில் உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடுப்பில் வைத்திருந்தான். "லேட்டாயிடுச்சே, எங்க போயிருந்த?"

"ஆர்டிஸ் வீட்டுக்கு."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். ஏதோ சொல்லப்போகிறான் என்று அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள். அவன் நாய்க்குச் சோறு வைக்கப் போய்விட்டான்.