பச்சை பிளக், சிவப்பு பிளக்

பாரிஸில் நான் செய்துகொடுத்த சாமான்களில் பெரியது ஓர் அணுகுண்டு.

எண்பதுகளின் நடுப்பகுதி. லா சப்பல் பக்கம், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு பட்டறை. அருங்காட்சியகங்களுக்கு மாதிரிகள் செய்கிற இடம். கப்பல், நீராவி இஞ்சின் எல்லாம் செய்திருக்கிறோம். ஒருமுறை, ஜப்பானில் போட்ட முதல் குண்டைக் கேட்டார்கள். முழு அளவில், ஒட்டுப்பலகையில்.

பலகை வேலை எனக்கு. பெயின்ட் மன்னார் அந்தோனி அண்ணைக்கு. குண்டின் மேற்பக்கத்தில் மூன்று பிளக். முதலாளி விளக்கினார்: பச்சை பிளக் இருந்தால் உள்ளே கரண்ட் ஓடாது. விமானம் எழும்பிய பிறகு ஒருவர் பச்சையைக் கழற்றிச் சிவப்பைப் போடுவார். அதோடு குண்டு தயார். இரண்டு நிறத்திலும் செய்தோம்.

கொண்டுபோய்க் கொடுக்கிற நாள் முதலாளிக்குக் காய்ச்சல். நாங்கள் இருவரும் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். நகர எல்லையில், போர்ட் து லா சப்பலில் பொலிஸ் மறித்தது. அண்ணையின் தற்காலிக விசாத் தாள் காலாவதியாகியிருந்தது.

"தம்பி, கடதாசி கேட்டா என்ரை கதை முடிஞ்சுது" என்றார்.

பொலிஸ்காரர் பின்கதவைத் திறந்தார்.

"என்ன இது?"

மாதிரி என்பதற்கான பிரெஞ்சுச் சொல் அந்த நேரம் பார்த்து வாயில் வரவில்லை.

"அணுகுண்டு, மிசியூ."

அவர் பின்னால் நகர்ந்தார்.

"பச்சை பிளக்தான், மிசியூ. வெடிக்காது."

அண்ணை குண்டைத் தட்டிக் காட்டினார். வெறும் பெட்டிச் சத்தம். பொலிஸ்காரர் மூச்சு விட்டார். பிறகு அவருக்கு விடுப்பு அறியும் ஆசை பிறந்துவிட்டது.

"ஏன் பச்சை?"

"குண்டு ஏற்றிய விமானம் ஓடுபாதையிலேயே விழுந்தாலும் அமெரிக்கர்களுடைய ஆட்கள் சாகக்கூடாது, மிசியூ."

அண்ணை என்னிடம் தமிழில் கேட்டார்: "அப்ப கீழை இருந்த சனத்துக்கு என்ன நிற பிளக்?"



"என்ன சொல்கிறார்?" என்றார் பொலிஸ்காரர். மொழிபெயர்த்தேன்.

அவர் குண்டை இன்னொரு முறை பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"போங்கள்."

கடதாசி கேட்கவில்லை.  

அதன் பிறகு எத்தனையோ பட்டறைகளில் வேலை செய்துவிட்டேன். "இது பாதுகாப்பானது" என்று யார் சொன்னாலும், "ஆருக்கு?" என்று கேட்பேன். முதலாளிமாருக்கு அந்தக் கேள்வி பிடிப்பதில்லை. இப்போது வேலைக்குப் போகிற பிள்ளைகளே, நீங்களும் அதைக் கேளுங்கள்.