முதலில் கட்டிய கை

டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்தக் கிக் பாக்ஸிங் கூடத்தில் அவளைக் கட்டுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆட வருகிறவர்களின் கைகளுக்குத் துணிக்கட்டு போடுவது அவள் வேலை. மணிக்கட்டில் மூன்று சுற்று, விரலிடுக்குகளில் ஒவ்வொரு சுற்று, விரல் முட்டிகளின் மேல் மெத்தை போல மடிப்பு. பன்னிரண்டு வருடத்தில் அவள் கட்டிய கையில் ஒரு விரல்கூட முறிந்ததில்லை. துவைத்த கட்டுகள் மொட்டைமாடிக் கம்பியில் காற்றோடு மல்லுக்கட்டுவதும், தைல வாசனையும் ரப்பர் நெடியும் கலந்து படியில் எதிர்கொள்வதும் இன்றும் அவள் கண்ணை மூடினால் வந்து நிற்கும்.

ஒரு காலத்தில் அவளும் ஆடியவள்தான். கணுக்கால் பிசகியபோது, ரெண்டே நாளில் சரியாகிவிடும் என்று சொல்லி, பயிற்சி தந்த மாஸ்டர் அவளை ரிங்குக்குள் அனுப்பினார். அந்தக் கால் அதற்குப் பிறகு நேராகவில்லை. வலியைத் தாங்குவதே வீரம் என்று முழங்குகிறவர்கள் எப்போதும் கயிற்றுக்கு வெளியேதான் நிற்கிறார்கள் என்பதை அவள் அன்று கண்டுகொண்டாள்.

பகலில் பிசியோதெரபி அறையில் உதவியாளர் வேலை. தலையில் அடிபட்டவரிடம் டாக்டர் கேட்கும் கேள்விகளை அங்கிருந்து எழுதி வந்து கூடத்துச் சுவரில் ஒட்டினாள். இன்று என்ன கிழமை, இது எந்த இடம், எதிராளி யார். எல்லாருக்கும் தெரிந்தால் நல்லது என்று நினைத்தாள். தெரிந்துதான் போயிற்று. ஒரே மாதத்தில் கூடமே பதில்களை வாய்ப்பாடு போல ஒப்பித்தது.

அவள் அண்ணன் மனைவியும் அங்கேதான் ஆடினாள். முதலில் சிநேகிதி, பிறகுதான் அண்ணி. பேக்கரியில் ரொட்டி அடுக்கும் வேலை. அணித் தேர்வுக்கு மூன்று நாள் முன்பு, பயிற்சியில் ஓர் உதை அண்ணியின் காதுக்கு மேல் விழுந்தது. கட்டுக்காரியிடம் யாரும் மூச்சு விடவில்லை. அண்ணியின் உத்தரவு அப்படி.

தேர்வன்று காலை, உடை மாற்றும் அறையில் அண்ணி வலது கையை நீட்டினாள். இத்தனை வருடமும் இடதுதான் முதலில் வரும். கட்டுக்காரி அந்தக் கையையே முதலில் கட்டினாள். கேள்விக்கு முன்பே பதில் வந்தது.

"ஞாயித்துக்கிழமை. பெரிய ஹால். எதிர்ல அந்த ஒத்தச்சடைக்காரி. போதுமா நாத்தனாரே? கிளவுஸை மாட்டு."

டியூப்லைட்டைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணியின் கண் சுருங்கியது.

"அண்ணி, இப்ப முதல்ல எந்தக் கையைக் கட்டினேன்?"

"இது ஒரு கேள்வியா? இடது கை. என்னைக்கும் அதுதானே."

கட்டுக்காரி கட்டை அவிழ்க்கத் தொடங்கினாள்.

மாஸ்டர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். தலைவலிக்கெல்லாம் ஆட்டம் நிற்குமா என்றார். பொம்பளைகளைச் சேர்த்ததே தப்பு என்றார். அவள் துணியைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "என் கால் உங்க பேச்சைக் கேட்டுது மாஸ்டர். இவ தலை கேக்காது."

அன்றே அந்தக் கேள்விக் காகிதத்தைச் சுவரிலிருந்து கிழித்தாள். அதன்பின் ஒரு முறை கேட்ட கேள்வியை அவள் மறுமுறை கேட்டதில்லை.

தலைவலியும் கிறுகிறுப்பும் அடங்கும்வரை ஓய்வு, பிறகு நடை, பிறகு கயிறு தாண்டல், வலி தலைகாட்டினால் ஒரு படி பின்னால் என்றார் டாக்டர். ஏழு வாரம் பிடித்தது. முதல் மூன்று வாரம் அண்ணி அவளோடு பேசவில்லை. அண்ணன் நடுவில் தபால்காரனாக அலைந்தான். அண்ணி மறுபடி ரிங் ஏறினாள், இரண்டு வருடம் ஆடவும் செய்தாள். அணியிலிருந்து மட்டும் அழைப்பு வரவே இல்லை.

இன்று அந்தக் கூடத்தில் சோபா விற்கிறார்கள். சாயங்காலங்களில் இருவரும் அந்த வழியாகத்தான் நடக்கிறார்கள். அந்த ஞாயிறு அண்ணிக்கு இன்றுவரை ஞாபகம் வரவில்லை.

"நீ சொன்னதை நம்பித்தான் இத்தனை வருஷமா உன்கூடப் பேசிட்டிருக்கேன். நிஜமாவே வலது கையைத்தான் நீட்டினேனா?"

"ஆமா அண்ணி."

கொஞ்ச தூரம் போனார்கள்.

"அன்னிக்கு ஆடியிருந்தா டீமுக்குப் போயிருப்பேன்ல?"

"போயிருப்ப."

அண்ணி தலையாட்டிக்கொண்டாள். பிறகு நடைபாதையின் விளிம்பில் நின்று கையை நீட்டினாள்.

"பார்த்து இறங்கு. கல்லு பெயர்ந்து கிடக்கு."