கோடு போட்ட ஆறு கொட்டைகள்

மலேசியாவின் ஈப்போவில் என் மேசை இழுப்பறையில் ஆறு ரப்பர் கொட்டைகள் இருக்கின்றன. அவை வந்த கதையை வரிசையாகச் சொல்கிறேன்.

1. சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பெண்கள் பால் வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஆயாக்கொட்டகையில், என் சின்னம்மாவின் கைக்குழந்தை ஒரு நாள் தூங்கியது, எழவேயில்லை.
2. ஆயா நாக்கில் அபின் தடவித் தூங்கவைக்கிறாள் என்று சின்னம்மா தோட்ட மேலாளரான துரையிடம் சொன்னார். ஆயா, கங்காணியின் கொழுந்தியாள்.
3. யார் ஆயா என்பதைப் பெண்களே முடிவு செய்யட்டும் என்றார் துரை. சின்னம்மாவும் போட்டியில் நின்றார்.
4. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்து மரத்தடியில் பொறுக்கிய கொட்டைகளை, தோட்டத்துக் கணக்கரான கிராணி ஓட்டுப் போட ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். மறைப்பாகக் கட்டிய சாக்குக்குப் பின்னால் இரண்டு வாளிகள், ஆயாவுக்கு ஒன்று, சின்னம்மாவுக்கு ஒன்று.
5. சின்னம்மா நான்கு கொட்டைகள் வித்தியாசத்தில் தோற்றார்.

ஒரே மரத்துக் கொட்டைகளுக்கு ஒரே கோலம்தான் என்பது கொட்டை வைத்து விளையாடும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும், கிராணிக்குத் தெரியவில்லை. பெரட்டுக்களத்து மரத்தின் கொட்டையில் புள்ளிதான் உண்டு. எண்ணி முடித்து ஆயாவின் வாளியைக் கவிழ்த்த இடத்தில், கோடு போட்ட கொட்டைகள் ஆறு கிடந்தன. வேறு மரத்திலிருந்து வந்த அந்த ஆறும் இல்லையென்றால் சின்னம்மா ஜெயித்திருப்பார். பொறுக்கிக்கொண்டு எங்கள் லயத்து வீட்டுக்கு ஓடினேன்.

சின்னம்மா அவற்றை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். “நீ வர்ற வழியில பொறுக்குனதுன்னு கிராணி சொல்லிருவான்லா,” என்றார். அன்று முதல் எனக்கு எல்லார் மீதும் சந்தேகம். தண்ணீர்க் குழாயடியில் சிரித்தவள், சிரிக்காமல் போனவள், யார் முதுகில் குத்தியது என்று ஒவ்வொரு முகமாக ஆராய்ந்தேன். சின்னம்மா அதைக் கவனித்துவிட்டார். “யாரு யாருக்குப் போட்டான்னு தேடாத. அவங்க புள்ளையுந்தான் அங்க தூங்குது.”

மறுவாரம் பால் வெட்ட, கொட்டகையை ஒட்டிய கிழட்டு மர நிரையைக் கேட்டு வாங்கினார். பால் அதிகம் சொட்டாத மரங்கள். யாரும் விரும்பாத நிரை. வேலைக்கு நடுவே கொட்டகை வாசலில் நின்று தூளிதூளியாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அசையாத பிள்ளையைத் தூக்கிக் கன்னத்தில் தட்டுவார்.

“தெனமும் பேரு கூப்பிட நீ என்ன கிராணியாடி?” என்றாள் ஆயா.

“கிராணி எண்ணுனா தப்பா வருதுக்கா. அதான் நானே எண்ணுறேன்.”

தூளியில் கிடந்தவர்களின் தாய்மார் சிலர் சிரித்தார்கள். பிறகு அவர்களும் போகிறபோக்கில் எட்டிப் பார்த்துப் பேர் சொல்ல ஆரம்பித்தார்கள். அவர்களில் கோடு போட்ட கொட்டையைப் போட்டவளும் இருந்திருக்கலாம்.

இப்போது நான் மருத்துவமனையில் தாதி. ‘குழந்தை நன்றாகத் தூங்குகிறது’ என்று யார் எழுதி வைத்தாலும் நம்புவதில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டு, கண் திறந்த பிறகே அடுத்த கட்டிலுக்குப் போகிறேன். தோற்ற அன்று சின்னம்மா அழுதாரா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை.

இன்றைய நிலை இதுதான். அதே கிராணி, அதே ஆயா. சின்னம்மா அந்தக் கிழட்டு நிரையில்தான் இன்னும் பால் வெட்டுகிறார். அன்றிலிருந்து அந்தக் கொட்டகையில் தூங்கிய பிள்ளைகள் எல்லாரும் எழுந்திருக்கிறார்கள். கொட்டைகள் ஆறும் என்னிடம் இருக்கின்றன.