திரும்பி வர வேண்டிய பொருள்

வேண்டியதெல்லாம் சொந்தமாக வைத்திருக்கும் ஒருவர் எதற்காகப் பக்கத்துக் கதவைத் தட்டி இரவல் கேட்க வேண்டும்?

இரண்டு விரலால்தான் தட்டுவார். கதவு திறந்ததும் உள்ளே எட்டிப் பார்க்கமாட்டார். "ஒரு கத்தரிக்கோல் இருக்குமா? நாளைக்குக் குடுத்துடறேன்" என்று நிலைப்படியைப் பார்த்துச் சொல்வார். மறுநாள் கத்தரிக்கோல் துடைத்த பளபளப்போடு திரும்பி வரும். கையோடு கொஞ்சம் பசை கேட்பார். பசையைத் தரும்போது ஸ்க்ரூடிரைவர். புதிதாக ஒன்றை இரவல் வாங்காமல் பழையதைத் திருப்பிக் கொடுத்ததே இல்லை.

எங்கள் முதியோர் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு அவரைக் கொண்டுவந்து விட்ட மகன், அலமாரியை நிரப்பிவிட்டு, "எல்லாம் வாங்கி வெச்சாச்சும்மா. இனிமே யார்கிட்டயும் எதுவும் கேக்க வேண்டியதில்ல" என்றார். அன்று சாயங்காலமே அம்மா கேட்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரு தொழிற்சாலையில் 'ஸ்டோர்ஸ்' எனப்படும் கருவி அறையின் ஜன்னலுக்குப் பின்னால் வேலை பார்த்தவர். தொழிலாளி தன் எண் பொறித்த பித்தளை வில்லையை நீட்டுவார். அதை ஆணியில் மாட்டிவிட்டு இவர் ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பார். ஸ்பேனர் வந்தால்தான் வில்லை போகும். "வில்ல ஆணியில தொங்குதுன்னா ஆள் வந்துதான ஆகணும்?" என்பார். யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சாவு என்பதெல்லாம் அந்த ஜன்னல் வழியாகத்தான் அவருக்கு வந்து சேர்ந்தது. கருவிகளுக்கு அடையாளம் வைத்த பழக்கம் இன்னும் போகவில்லை. அவர் புழங்கும் ஒவ்வொரு பொருளின் அடியிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு இருக்கும். நகத்தில் மட்டும் அதை வைத்து நாங்கள் பார்த்ததில்லை.

யாரிடமும் எதையும் கேட்காமல் வாழ்வதே மேன்மை என்று சொல்லும் நூல்களைப் படித்திருக்கிறேன். அவற்றை எழுதியவர்கள் யாரும் இப்படி ஒரு நீண்ட வராந்தாவில், மூடிய கதவுகளுக்கு நடுவே குடியிருந்திருக்கமாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அதற்காக அவரைப் பெரிதாகப் புகழவும் முடியவில்லை. நச்சரிப்புத்தான். தூங்கும் நேரத்தில் தட்டுவார். கொடுத்த பொருளை நாம் ஒழுங்காகப் பராமரிக்கவில்லை என்று குறை வேறு சொல்வார். சாப்பாட்டுக் கூடத்தில் அவர் தலை தெரிந்ததும், "இரவல் கம்பெனி வருது, பாக்கெட்ட பாத்துக்குங்க" என்று யாராவது சொல்வார்கள். ஒருநாள் கடைசி அறைக்காரர், "இந்த நூல்கண்ட நீங்களே வெச்சுக்குங்கம்மா, திருப்பித் தரவே வேணாம்" என்று நல்ல மனதோடுதான் சொன்னார். கையில் நூல்கண்டோடு இவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். அந்தக் கதவை அதன் பிறகு தட்டவில்லை.

பக்கத்து அறையில் இருந்தவர் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். தான் வாங்காத செய்தித்தாளின் தலைப்பைக்கூடப் படிக்காதவர். அவர் இவரை எளிதில் விட்டுவிடவில்லை.

"நேத்து பசை, இன்னிக்கு ஊசி. நாளைக்கு என்ன, கட்டிலா?"

"கட்டில் வேணாம் டீச்சர். ஒரு நாற்காலி இருந்தா போதும்."

கேட்ட நாற்காலியை அறைக்குக் கொண்டுபோகாமல், வராந்தாக் கோடியில் ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்த டீச்சர், இன்னொரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்.

ஒருமுறை இவருக்குக் காய்ச்சல். மாத்திரை தேடிய டீச்சர் அலமாரியைத் திறந்தார். கத்தரிக்கோல், பசை, ஊசிப் பெட்டி, ஸ்க்ரூடிரைவர் எல்லாம் பிரிக்காத உறைகளோடு இருந்தன.

"அடிப்பாவி, கடையே வெச்சிருக்கியே. அப்புறம் எதுக்கு என் உயிர வாங்குன?"

"நான் ஊசிதான கேட்டேன் டீச்சர்" என்றது போர்வைக்குள்ளிருந்து குரல்.

டீச்சர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்ததாகச் சொன்னார்கள். மறு வாரத்திலிருந்து தட்டும் ஓசை கேட்பதற்கு முன்பே டீச்சரின் கதவு திறந்தது. "இன்னிக்கு என்ன வேணும், ஸ்டோர்ஸ்?"

குளிர் தொடங்கியதும் டீச்சருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மருத்துவமனைக்குப் போகச் சக்கர நாற்காலியில் வைத்து லிஃப்ட் வரை தள்ளி வந்துவிட்டார்கள். அங்கே கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"ஸ்டோர்ஸ், உன் ஃப்ளாஸ்க்கக் குடு."

"உங்களுது மேஜ மேலயே இருக்கே டீச்சர்."

"இருக்கட்டும். உன்னுதக் குடு. வந்து திருப்பித் தர்றேன்."

யாரிடமும் ஒரு குண்டூசிகூடக் கேட்டிராதவர் சொன்ன வார்த்தை. இவர் அறைக்குப் போய் ஃப்ளாஸ்க்கை எடுத்து, முந்தானையால் இருமுறை துடைத்து, டீச்சர் மடியில் வைத்தார்.

அன்றிலிருந்து சாயங்காலங்களில் இரண்டு நாற்காலிகளையும் ஜன்னலோரம் போட்டு, ஒன்றில் உட்கார்ந்திருந்தார். பொருள் வெளியே போயிருக்கிறது, ஆள் வந்துதான் ஆக வேண்டும் என்கிற முகம். அந்த நாட்களில் எந்தக் கதவையும் அவர் தட்டவில்லை.

டீச்சர் வரவில்லை. அறையைக் காலி செய்ய மகள்தான் வந்தார். விஷயம் எங்களுக்கு முன்பே தெரியும், இவருக்கும்தான். மகள் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது இவர் நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து, துடைத்து, டீச்சர் அறையில் வைத்தார். "உங்கம்மாவோடது" என்றார். பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. வெறுங்கையோடு அவர் ஒரு அறையிலிருந்து திரும்பியதை அன்றுதான் பார்த்தோம்.

மகள் பின்னாலேயே ஓடி வந்தார். கையில், நன்றாகக் கழுவித் துடைத்த ஃப்ளாஸ்க்.

"ஆன்ட்டி, இது உங்களுதாம். மறக்காம குடுத்துடணும்னு அம்மா சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

அவர் அதை வாங்கி, மெல்லக் கவிழ்த்துப் பார்த்தார். சிவப்புப் பொட்டு எதிர்க் கதவில் நின்ற எங்களுக்கே தெரிந்தது. கட்டை விரலை அதன் மேல் வைத்து மூடினார். பிறகு ஃப்ளாஸ்க்கை மகளின் கையிலேயே திருப்பி வைத்தார்.

"என்னுது இல்லம்மா இது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.