தூசி படாத உடுப்பு

என்ரை மனுசனுக்கு கனடாவின்ரை வடதுருவப் பக்கம், பாஃபின் தீவிலை, இரும்புச் சுரங்கத்திலை வேலை. மூண்டு கிழமை அங்கை, மூண்டு கிழமை மொன்றியலிலை. டோர்வலிலை பிளேன் ஏறினாரெண்டா பேந்து போனிலை குரல் மட்டும்தான். அந்தக் குரலாலை எனக்குத் தீவு முழுக்கப் பாடம். எங்கடை இலங்கை மாதிரி ஏழு தீவை உள்ளுக்கு வைக்கலாமாம். மருந்துக்கும் ஒரு மரமில்லை. செங்குத்து மலையளுக்கு நடுவாலை கடல் உள்ளுக்குப் புகுந்து உறைஞ்சு கிடக்குமாம். "அவ்வளவு நல்ல கல்லப்பா, சுத்தப்படுத்தவே தேவையில்லை. உடைச்சுக் கப்பலிலை ஏத்தினாச் சரி" எண்டு, ஏதோ தன்ரை சீதன வளவு மாதிரிப் புழுகுவார்.

அந்தக் கல்லுடைக்கிற தூசிதான் எனக்குச் சனியன். அங்கை பனியே சிவப்பாய்ப் போயிடுமாம். வந்தண்டு உடுப்பை வாளியிலை ஊறப்போட்டா, தண்ணி செங்கட்டி கரைச்ச மாதிரி.

போன மாசி எனக்கு வயித்திலை ஒப்பரேசன். கட்டி. நல்லதோ கெட்டதோ வெட்டினாத்தான் தெரியும் எண்டிட்டினம். நான் மனுசனிட்டைக் கேட்டது ஒண்டே ஒண்டு: மயக்கம் தெளிஞ்சு கண் முழிக்கேக்கை பக்கத்திலை நில்லுங்கோ. ஒப்பரேசனுக்கு முதல்நாள் அவற்றை போன் வந்தது. "இஞ்சை பனிப்புயல். பிளேன் இறங்காது. நான் என்ன செய்ய?" எண்டு அழுவாரைப்போலக் கதைச்சார். நானெல்லோ அவரைத் தேத்தினன்!

கண் முழிக்கேக்கை நிண்டது அவற்றை அக்கா, மொன்றியலின்ரை மற்றத் தொங்கலிலை, ரொக்ஸ்பரோவிலை இருக்கிற என்ரை மச்சாள். அடுத்தநாள் ரயிலேறிக் கஞ்சியும் கொண்டு வந்தா. ஒரு வாய் குடிச்சிட்டு, "உங்கடை தம்பியின்ரை கைப்பக்குவம் மாதிரிக் கிடக்கு மச்சாள்" எண்டன். "எல்லாம் எங்கடை அம்மாவின்ரை பக்குவம்தானே" எண்டிட்டு யன்னலைப் பாத்தா. பாவம், தம்பியை நினைச்சுக் கவலைப்படுறா எண்டு நினைச்சன். விசரி நான்.

நல்ல கட்டிதான் எண்டு சொல்லி வீட்டை விட்டிட்டினம். கொஞ்ச நாளிலை மனுசன் பையோடை வந்து இறங்கினார். ஏலாத உடம்போடை உடுப்பை ஊறப்போட்டன். தண்ணி பளிங்கு மாதிரி நிண்டுது.

"இஞ்சருங்கோ, தூசி எங்கை?"

"புயலெல்லே, இந்தமுறை பறக்கேல்லை."

"பொக்கற்றுக்குள்ளையுமோ?"

மனுசன் கட்டிலிலை இருந்திட்டார். போறதுக்கு ரெண்டு நாள் முன்னமே வேலையாலை நிப்பாட்டிப் போட்டாங்களாம். சொல்ல வெக்கமாம். ஒப்பரேசன் நேரம் என்னை ஏன் கலங்கப்பண்ணுவான் எண்டு நினைச்சாராம். மூண்டு கிழமையும் மச்சாள் வீட்டு பேஸ்மென்டிலை இருந்திருக்கிறார். மச்சாளுக்குத் தெரியும், அவவின்ரை பிள்ளையளுக்கும் தெரியும். எனக்கு மட்டும் பனிப்புயல்!

வேலை போனாப் போகட்டும். அதுக்கோ நான் கோவிச்சிருப்பன்?

என்னைச் சமாதானப்படுத்தவெண்டு கடைசியாய் ஒண்டு சொன்னார். "அந்தக் கஞ்சி நான்தானப்பா காய்ச்சிக் குடுத்துவிட்டனான். அழுதழுது காய்ச்சினனான்."

அதுவரைக்கும் அடக்கி வைச்சிருந்தது அப்பதான் வெடிச்சுது. தையல் இழுக்க இழுக்க, வயித்தைப் பொத்திக்கொண்டு அழுதன்.

"கஞ்சி வந்த ரயிலிலை நீங்களும் வந்திருக்கலாமே!"